நீக்குதலும் துறத்தலும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையைப் பற்றி எண்ணும்போது நிலம், பொன், நெல் ஆகியனவே நம் நினைவில் எழும். மடிக்கணினி எழுவதில்லை. சென்ற கோடையில் நமக்கு எழுந்தது.

நம் இல்லத்து மடிக்கணினி 2014ஆம் ஆண்டில் வாங்கியது. அதன் ஹார்டு டிஸ்க் 500 ஜிபி என்று விற்கப்பட்டது. திரையிலோ 465 என்றே காட்டும். எவரும் ஏமாற்றவில்லை. விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. கணக்கு வகுப்பில் இருந்த காலத்தில் இத்தகைய உதாரணம் நமக்குக் கிட்டவில்லையே என்று வருந்தினோம்.

அந்த இடமும் தீர்ந்து சிவப்புக் கோடு தோன்றிற்று. புதிது வாங்கலாம் என்றான் பேரன். இருப்பதை ஒழுங்கு செய்யாமல் புதியதை நாடுவது முறையன்று என மறுத்து, நாமே நீக்கத் தொடங்கினோம். தற்காலிகக் கோப்புகள், மூன்று இடங்களில் இருந்த ஒரே திருமணப் படங்கள், கைபேசி வழி வந்து குவிந்த காலை வணக்கங்கள் யாவும் சென்றன. இடமோ கூடவில்லை! நீக்கியவை அனைத்தும் ரீசைக்கிள் பின் என்னும் பகுதியில் அப்படியே கிடந்தன. அதையும் வெறுமையாக்கிய பின்னரே இடம் பிறந்தது. அப்பொழுதும், இவ்வகைச் சுழலும் டிஸ்க்கில் முதலில் அழிவது அட்டவணைக் குறிப்பு மட்டுமே. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை உள்ளடக்கம் அங்கேயே இருக்குமாம். வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டோம். மாணவன் கடைசி பெஞ்சில் அமர்ந்தே இருக்கிறான். இதை வினைக்கு உவமையாக்கிப் பக்கம் பக்கமாக எழுதக் கை துடிக்கிறது. உவமையை அளவு மீறி இழுப்பது ஆசிரியர்களின் பழங்குற்றம், விடுவோம்.

நீக்க மனம் வராதவற்றைத் தனியொரு வெளி டிஸ்க்கில் ஏற்றினோம். பாரம் இறங்கியது போல் இருந்தது. அன்றிரவே ஐயம் எழுந்தது: பீரோவில் இருந்ததைப் பரணில் ஏற்றியவள் எதைத் துறந்தாள்? தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்தைப் பொருளின் அளவால் அன்றி, அதன்மேல் கொண்ட மயக்கத்தால் அல்லவா வரையறுக்கிறது? ஆயின் எடையற்ற இக்கோப்புகளும் உடைமையே.

அவற்றுள் மறைந்த நம் கணவர் மாலை வேளைகளில் ஸ்ரீபுராணம் வாசித்துப் பொருள் கூறிய 41 ஒலிப்பதிவுகள் இருந்தன. இவற்றை நீக்குவது பற்றறுத்தலா, சாத்திர தானத்திற்குரியதை அழித்தலா? நம் பற்றைக் களைவதற்காகப் பிறர் பெறத்தக்கதை அழிக்க நமக்கு உரிமை இல்லை என்றே துணிந்தோம். அழித்தால் பற்று ஒழியும் என்பதற்கும் உறுதி ஏது? பேத்திக்கும், விரும்பிக் கேட்ட உறவினர் இருவருக்கும் பென் டிரைவில் பதிந்து கொடுத்தோம். பின்னர் நம்மிடமிருந்த பிரதிகளை நீக்கினோம். கை நடுங்கிற்று; மறைப்பானேன்.

நாற்பத்திரண்டாவதாக ஒன்று உண்டு. வாசிப்பு முடிந்தபின் பதிவை நிறுத்த மறந்ததால் விளைந்தது. "பால் பொங்கிற்றா, பார்" என்கிறார் அவர். உள்ளிருந்து நாம் ஏதோ சலித்துக்கொள்கிறோம். அரை நிமிடம். அதில் புராணமும் இல்லை, அறவுரையும் இல்லை. எவர்க்கும் தானம் செய்யத்தக்கதன்று. அது அடைக்கும் இடமும் ஒரு பொருட்டன்று. ஒரு ஜிபியில் அத்தகையவை ஆயிரத்துக்கு மேல் அடங்கும். இப்பொழுது கணினியில் இடம் தாராளமாக இருக்கிறது. ஆகவே, அதை நீக்க வேண்டும் என்று கணினி நம்மைக் கேட்கவில்லை. கேட்பது நாமேதான். திரையின் ஓரத்தில் அது இன்னும் இருக்கிறது.