சும்மா இருக்க ஏலாது

வேற்று நாட்டிலிருந்து வந்தவர்கள் வந்த இடத்தில் ஏன் தொழில் தொடங்குகிறார்கள்? இந்தக் கேள்விக்கு மேலாண்மைப் பாடநூல்கள் இரண்டு பெட்டிகளை வைத்திருக்கின்றன. வாய்ப்பைப் பார்த்துத் தொடங்குகிறவர்கள் ஒரு பெட்டியில், வேறு வழியில்லாமல் தொடங்குகிறவர்கள் இன்னொரு பெட்டியில். சென்னையின் மேற்குப் புறநகரில் இரண்டு பெட்டிக்கும் ஆள் இருக்கிறார்கள். 1996இல் ஹூண்டாய் வந்த பிறகு பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரையிலான பகுதியில் கொரியர்களின் உணவகங்களும் விடுதிகளும் முளைத்தன. அவர்கள் முதல் பெட்டி. அம்பத்தூரை அடுத்த புழலில் காவாங்கரை முகாம் இருக்கிறது. முகாமுக்கு வெளியே போரூர், வளசரவாக்கம் பக்கமெல்லாம் காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாடகை வீட்டில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் இரண்டாம் பெட்டி. கொரியரை ‘முதலீட்டாளர்’ என்கிறோம். ஈழத்துப் பெண்ணை ‘பாவம், ஏதோ பிழைக்கிறாள்’ என்கிறோம். சட்டத்தின் கண்ணில் இருவரும் வெளிநாட்டவர்தான்.

அம்பத்தூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா காலையில் இடியாப்பமும் சொதியும் சம்பலும், மாலையில் புட்டும் விற்கிறார். தொழிற்பேட்டைக்கு ஷிஃப்டுக்குப் போகும் பெண்களே அவருடைய முக்கிய வாடிக்கையாளர்கள். எதனால் இதைத் தொடங்கினீர்கள் என்று கேட்டேன். ‘சும்மா இருக்கேலாதுதானே பிள்ளை’ என்றார்.

இந்த விடையை எந்தப் பெட்டியில் போடுவது? ஈழத்துப் பேச்சில் ‘ஏலாது’ என்றால் முடியாது. சும்மா இருந்தால் அடுப்பு எரியாது என்பதும் அதில் இருக்கிறது. சும்மா இருக்க என்னால் தாங்காது என்பதும் இருக்கிறது. அவர் எதைச் சொன்னார் என்று நான் துருவவில்லை. அந்தச் ‘சும்மா’வும் எளிய சொல் இல்லை. விடியலில் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, துவைத்து, மாமியாரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வரும் ஆவடிப் பெண்ணிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் ‘வீட்ல சும்மாதான் இருக்கேன்’ என்பார். காசு வராத உழைப்பு முழுவதற்கும் தமிழ் வைத்திருக்கும் பெயர் சும்மா. முகாமில் அதோடு காத்திருப்பும் சேர்கிறது: தணிக்கை நாளுக்கும், உதவித்தொகைக்கும், ஊருக்குத் திரும்பலாம் என்று என்றைக்காவது வரப்போகும் சொல்லுக்கும். 2021இல் தமிழக அரசு அந்த உதவித்தொகையை உயர்த்தியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. உயர்வு நல்லதுதான். ஆனால் தலைவர் என்றால் யார், ‘மற்றவர்’ என்றால் யார் என்பதைப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எட்னா போனசிச் என்ற சமூகவியலாளர் 1973இல் ஒரு கோட்பாட்டை எழுதினார். ஒரு நாள் ஊர் திரும்புவோம் என்று நினைக்கும் குடியேறிகள், போட்ட பணத்தை எளிதில் திருப்பி எடுக்கக்கூடிய தொழில்களையே தேர்கிறார்கள் என்பது அதன் சாரம். கடை, வட்டி, தரகு போன்றவை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ‘கொண்டுவிக்க’ப் போன நகரத்தார் ஆண்களுக்கு இது பெருமளவு பொருந்துகிறது. (அவர்கள் திரும்பிவர ஒரு வீடு தயாராக இருந்தது. அதை ஆண்டுக்கணக்கில் கட்டிக்காத்த பெண்களின் உழைப்பு எந்தப் பேரேட்டில் ஏறியது என்பது தனிக் கதை.) அக்காவின் தொழிலும் மேலோட்டமாக அதே வடிவம்தான்: ஓர் அடுப்பு, இரண்டு இடியாப்ப உரல், நாலு பாத்திரம். ஒரே இரவில் மூட்டை கட்டிவிடலாம். ஆனால் இந்த வடிவத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இலங்கைக் குடிமக்கள் இந்தியாவில் நிலமோ கட்டடமோ வாங்க முடியாது என்று அந்நியச் செலாவணி விதிகள் சொல்கின்றன. அதிகபட்சம் ஐந்தாண்டுக் குத்தகைதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே வாழ்ந்தவரின் தொழில் ஏன் வேர்விடவில்லை என்று அவர் மனத்துக்குள் தேடிப் பயனில்லை. விதிப் புத்தகத்தில் தேட வேண்டும்.

கட்டாயத்தில் செய்வது நம்முடைய செயலாகுமா என்ற கேள்வியை அரிஸ்டாட்டில் ஒரு கப்பலை வைத்துப் பேசுகிறார். புயலில் சிக்கிய மாலுமி, உயிர் பிழைக்கச் சரக்கைக் கடலில் எறிகிறான். விரும்பியா எறிந்தான்? சாதாரணமாக யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஆனாலும் அந்த நேரத்தில், அந்த நிலையில் எறிய முடிவு செய்தவன் அவன்தான். இது கலப்புச் செயல், ஆனால் விருப்பச் செயலுக்கே நெருக்கமானது என்கிறார் அரிஸ்டாட்டில். தலைமன்னாரிலிருந்து படகில் வந்தவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. எனக்கும் இது பிடிக்கிறது, ஏனென்றால் அக்காவை வெறும் பாதிக்கப்பட்டவராக ஆக்காமல் விடுகிறது. சொதியில் பால் எவ்வளவு, யாருக்குக் கடன் தரலாம், எந்த வீட்டு விசேஷத்துக்கு ஆர்டர் எடுக்கலாம் என்பதெல்லாம் அவர் முடிவுகள். அவற்றைக் கட்டாயம் என்று அழைப்பது அவமதிப்பு.

ஆனால் உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது. புயலை யாரும் உத்தரவு போட்டு வரவழைப்பதில்லை. இங்கே புயலின் ஒரு பகுதி அரசாணை. அதனால்தான் ‘தன்னம்பிக்கைப் பெண்மணி’ என்று பத்திரிகைகள் புகழும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. கதவுகளை மூடிவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்தவளின் துணிவைப் பாராட்டுவது கதவை மூடியவர்களுக்கு வசதி. சுய உதவிக் குழுக் கடனில் தையல் மெஷின் வாங்கிய உள்ளூர்ப் பெண்ணுக்கும் இதே பாராட்டுத்தான் கிடைக்கிறது. அவள் கடை கணவன் பெயரில் இருப்பது கட்டுரையில் வராது.

வெளிநாட்டவர் என்ற சொல்லே எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். அதன் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து விதி இன்னும் இறுகியது. 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதும் இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2021 ஆகஸ்டில் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாநில அரசு பெயர் மாற்றியது. குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை.

அக்காவின் மகள் இங்கே, தொண்ணூறுகளின் நடுவில் பிறந்தவள். இங்கேதான் படித்தாள். பேச்சில் ‘ஏலாது’ கிடையாது, ‘முடியாதுப்பா’தான். இலங்கையைப் பார்த்ததில்லை. எங்கிருந்தும் வராத அவளுக்கும் புலம்பெயர்ந்த தொழில்முனைவோர் பற்றிய எல்லாக் கோட்பாடுகளும் சட்டப்படி பொருந்துகின்றன. தெருவில் அவளை ‘சிலோன் அக்கா பொண்ணு’ என்கிறார்கள்.

பிறந்தநாள் கேக் செய்து விற்க அவளுக்கு ஆசை. இது கட்டாயம் இல்லை. அவள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். ஓவனுக்குப் பணம் சேர்த்துவிட்டாள், ஒரு பெயரும் யோசித்து வைத்திருக்கிறாள். அம்மா பலகையே வைக்க வேண்டாம், வைத்தால் யாராவது வந்து கேள்வி கேட்பார்கள் என்கிறார். வீட்டுக்காரம்மா பெயரில் பதிவு எடுத்துக்கொள் என்றும் சொல்கிறார். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. போன மாதம் பார்த்தபோது ஓவன் இன்னும் வாங்கவில்லை.