படிந்த சேறும் தெளிந்த நீரும்

கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டைப் பொடியை இட்டால் சேறு அடியிற் படியும்; நீர் தெளியும். இதனை உபசமத்திற்கு உவமையாக நம் ஆசாரியர்கள் கூறினர். தெளிந்த நீரை வேறு கலத்தில் வடித்துக்கொண்டால் அது க்ஷயம்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிராஸ் என்றோர் ஆறு உண்டு. அலுமினிய ஆலைக் கழிவால் அதன் அடிச்சேற்றில் பி.சி.பி. என்னும் நஞ்சு படிந்து மீன்களின் உடலில் ஏறியது. தூர்வாரினால் சேற்றில் வாழும் புழு முதலிய ஈரறிவுயிர்கள் மாளும். நஞ்சும் நீரிற் கலங்கும். வாளாவிருந்தாலோ நாள்தோறும் உயிர்களுக்குத் தீங்கு. 2006 இல் ஒரு பகுதியில் மட்டும் கிளர்வுற்ற கரித்தூளைச் சேற்றில் இட்டுச் சோதித்தனர். கரி நஞ்சைப் பற்றிக்கொள்ளவே, புழுக்களின் உடலில் ஏறும் நஞ்சு வெகுவாகக் குறைந்தது.

நஞ்சை அங்கேயே விட்டுவைப்பது அகிம்சையாகுமா? அணுவிரதியாகிய இல்லறத்தார்க்கு, தவிர்க்கவியலாத தீங்குகளுள் சிறியதைக் கொள்ளுதல் தகும் என்பதே எமது துணிபு. (ஆலையின் ஊற்றை முதலில் அடைத்தல் வேண்டும் என்பதை நம் வாசகர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?) ஆயினும் உபசமத்தை க்ஷயமென மயங்கலாகாது. உபசம சிரேணியேறிப் பதினோராம் குணஸ்தானம் எய்தியவரும், அடங்கிய மோகனீயம் கிளர்ந்தெழ, வீழ்வர். அதே ஆற்றில் 2001 இல் மணலும் மண்ணும் பரப்பிச் சேற்றை மூடியிருந்தனர். 2003 இல் பனிக்கட்டி அடைத்து நீர் சீறிப் பாய்ந்து அம்மூடியை அரித்துவிட்டது. மூடியவர்கள் தொடர்ந்து சென்று அளந்துவந்தமையால் அன்றோ அது வெளிப்பட்டது!