கிந்தனைக் கண்டு சிரித்தல்

பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் தம் பெரியபுராணத்தில் பாடிய திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் வரலாறு, 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் கைக்கு வந்தபோது, மூலத்தில் இல்லாத வேதியப் பண்ணையார் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக விரிந்தது. அதனை நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன், 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில், ‘கிந்தனார்’ என்ற நகைச்சுவைக் காலட்சேபமாக, அதாவது பாட்டும் வசனமுமாகப் புராணக் கதை சொல்லும் வடிவத்தில், மாற்றிப் பாடினார். தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, போக ஏங்கிய நந்தனின் இடத்தில், படிப்புக்கு ஏங்கும் தாழ்த்தப்பட்ட சிறுவன் கிந்தன் வந்து நின்றான். அடியார் ஒருவரின் வரலாற்றைப் பகடியாக்குவது தெய்வ நிந்தனை ஆகுமா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

ஆடி மாதத்தில் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தெருக்களில், கூழ் வார்க்கும் பந்தலின் ஒலிபெருக்கியில், சினிமாக் காதல் பாட்டின் மெட்டில் எழுதிய அம்மன் பாட்டு ஒலிக்கும்போது, மூலப் பாட்டு எதுவென்று தெரிந்திருந்தும், தூக்குவாளியுடன் வரிசையில் நிற்பவர் எவரும் முகம் சுளிப்பதில்லை. சினிமா மெட்டில் பக்தியை ஏற்றுவது குற்றமில்லை என்றால், பக்தி வடிவத்தில் சிரிப்பை ஏற்றுவதை மட்டும் குற்றமாக்க நியாயம் இல்லை. ஆகவே, சிரிப்பு எதன்மேல் விழுகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் இடங்களாக எள்ளல் (இகழ்தல்), இளமை (பிள்ளைத்தனம்), பேதைமை (அறியாமை), மடன் (பிறர் சொன்னதை அப்படியே நம்புதல்) ஆகிய நான்கைக் கூறுகிறது. கிந்தனாரில் சிவனோ தில்லையோ எள்ளப்படவில்லை. ரயிலேறிச் சென்னைக்கு வந்த பட்டிக்காட்டுப் பையனின் திகைப்பே, அதாவது பேதைமையே, அவையைச் சிரிக்க வைக்கிறது. அப்படியானால் நிந்தனை நேர்ந்திருப்பது சிவனுக்கன்று, கிந்தனுக்கு என்றே ஒருவர் வாதிடலாம், அந்த வாதம் வலுவானதும்கூட. ஆயினும் நாயன்மார்களுக்கும் அவதார புருஷர்களுக்கும் உரிய காலட்சேப மரியாதையை, ஜால்ராவும் பின்பாட்டும் உட்பட, அந்தப் பையனுக்கு வழங்கிவிட்டுத்தான் கிருஷ்ணன் சிரிக்க வைக்கிறார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். மேலும், புராணத்தின் நந்தன் தில்லைக் கூத்தனை நெருங்குவதற்குமுன் தீயில் மூழ்கிப் பூணூல் மார்பினராக எழவேண்டியிருக்க, கிந்தனோ பிறப்பை மாற்றிக்கொள்ளாமலே பள்ளிக்கூடத்தை அடைகிறான். சைவர் எவருக்கேனும் நெருடல் தோன்றினால் அது இந்த இடத்தில் தோன்றுவதே முறை. ஏனெனில் பகடி இங்கே வேடிக்கையை விட்டு, மூலத்தின்மீது எழுதப்பட்ட கடுமையான உரையாகிவிடுகிறது.

கிருஷ்ணன் 1957இல் மறைந்தார்; தொலைக்காட்சிக்கு வரும் வாய்ப்பு அவருக்கு இல்லை. நகைச்சுவை நடிகர் சந்தானத்தைப் பரவலாக அறியச் செய்த விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’, புராணத்துக்குப் பதிலாகச் சினிமாவை எடுத்துக்கொண்டது, இப்போது வீடுதோறும் தெரிந்த பொதுக்கதை அதுவே என்பதால். நாயகனின் பெருமிதத்தை எள்ளிய அளவில் அதுவும் கிந்தனாரின் வழியிலேயே நின்றது. பின்வந்த சிரிப்பு மேடைகள் பலவற்றுக்கோ மூலக் கதையே தேவைப்படவில்லை. கறுத்த நிறமும் பருத்த உடலும் புடைவை கட்டிய ஆணும் போதும் என்றாகிவிட்டது. தெய்வ நிந்தனை என்ற அளவுகோலில் இவை ஒன்றுகூடச் சிக்குவதில்லை.