‘வரவில்லை’ என்று எழுதுகிற கை

மறுபடி வரச்சொன்ன தேதியில் நோயாளி வராவிட்டால் மருத்துவமனைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று ஒரு சொல் விழுகிறது. பார்வைக்கு இது வெறும் தகவல்தான். ஆனால் பொறுப்பில்லாதவள், சொன்னாலும் கேட்காத சனம் என்கிற தீர்ப்பு அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. விசாரணை இல்லாத தீர்ப்பு.

இந்தத் தீர்ப்புக்கு நீண்ட காலம் அதிகாரபூர்வப் பெயரே இருந்தது. 1997ல் தொடங்கிய திருத்தப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டத்தில், தொடர்ந்து 2 மாதம் மருந்தை விட்டவர் ‘டிஃபால்டர்’. பேங்கில் கடன் வாங்கிக் கட்டாமல் போனவனுக்கும் அதே பெயர்தான். நோய் இருக்கலாம் என்று சோதிக்கப்படுபவர் ‘சஸ்பெக்ட்’. போலீஸ் ஸ்டேஷன் பாஷை. உலக சுகாதார நிறுவனம் 2013ல்தான் இவ்விரண்டு சொற்களையும் கைவிட்டது. சொல் போய்விட்டது. சொல்லை உண்டாக்கிய புத்தி போய்விட்டதா?

கடமை தவறினாள் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் ஒரு வாக்கு இருந்திருக்க வேண்டும். வாக்கு என்பது இரண்டு பேர் சம்பந்தப்பட்டது. கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது ரெண்டு வீட்டாரும் உக்காந்து, ‘அன்னைக்கு உங்களுக்குத் தோதுப்படுமா?’ என்று கேட்டுத்தான் குறிக்கிறோம். ஓ.பி. சீட்டில் தேதி எழுதும்போது அந்தக் கேள்வியை யார் கேட்டார்கள்? ‘அடுத்த செவ்வாய்க்கிழமை வாம்மா’. அவ்வளவுதான். இதைச் சந்திப்புக்கான ஏற்பாடு என்று சொல்வது தப்பு. இது உத்தரவு. உத்தரவுக்குக் கீழ்ப்படியாததை வாக்குத் தவறியதாக எழுதிவைப்பதுதான் அதிகாரம் செய்கிற வேலை.

கம்பம் பள்ளத்தாக்கில் அந்தச் செவ்வாய்க்கிழமை எப்படி விடிகிறது? கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் வெள்ளனவே, இருட்டோடு கிளம்பிவிடும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைக்கு ஏறுகின்றன. நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் காலனிப் பெண்கள் பலர். ஓ.பி. கவுண்டர் திறக்கும் நேரத்தில் அவர்கள் மெட்டைத் தாண்டியிருப்பார்கள். ஜீப் கீழே இறங்கும்போது சிறப்பு மருத்துவர் எழுந்து போய் வெகுநேரமாகியிருக்கும். தேனி 1996ல் தனி மாவட்டமானது, பிறகு க.விலக்கில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் வந்தது. நல்லதுதான், அதற்கு முன் பெரிய வைத்தியமென்றால் மதுரைக்குத்தான் ஓட வேண்டும். ஆனால் கூடலூர்க்காரிக்கு க.விலக்கு என்பது தேனியையும் தாண்டி ஆண்டிபட்டி ரோட்டில் இருக்கிறது. போக, வரிசையில் நிற்க, வர, ஒரு நாள் முழுசாகப் போய்விடும். ‘ஒரு நா நின்னா ஜீப்புல எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாக, மறுநா யாரப் போயிக் கேக்குறது?’ என்பதுதான் அங்கே பேச்சு. போவது அன்றையக் கூலி மட்டுமல்ல.

வந்ததாகப் பதிவாகிறவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 1929 டிசம்பர் 12ஆம் தேதி ‘யங் இந்தியா’ இதழில் வந்த ஒரு கடிதத்தை அம்பேத்கர் தன் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் எடுத்துவைத்திருக்கிறார். கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்று நோயில் கிடக்கிறாள். சேரிக்குள் வர மாட்டேன் என்ற டாக்டருக்காக, பச்சைப்பிள்ளையோடு அவளை வெளியே கொண்டுவருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைக்கிறார். திரும்பியதும் அதே வழியில்தான். தொடாமலே நிமோனியா என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விடுகிறார். அவள் செத்துப்போகிறாள். டாக்டரின் கணக்கில் அன்று அவர் ‘வந்தார்’. அதற்கு 2 ரூபாய் கட்டணமும் உண்டு. வராமையை எழுத நோட்டு வைத்திருக்கிறவர்கள் இந்த மாதிரி வருகையை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

அதற்காக, ‘பாவம், கூலிச்சனம், அவங்களால முடியாது’ என்று நம்மைப் பரிதாபத்துக்குள் தள்ளுகிற பேச்சையும் ஏற்க முடியாது. கடமையே இல்லாதவர் என்று ஒருவரைச் சொல்வது அவரை மனுஷக் கணக்கிலிருந்து நீக்குவது. காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். அது முதலில் தொற்றுவது ஜீப்பில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருப்பவளுக்கும் வீட்டில் கூடப் படுக்கும் பிள்ளைக்கும்தான். கடமை நிச்சயமாக உண்டு. அது அந்தத் தோளுக்குச் செய்ய வேண்டிய கடமை. பதிவேட்டுக்குக் கட்ட வேண்டிய கடன் அல்ல. அதை நிறைவேற்ற அவளுக்குக் கூலியோடு ஒரு நாள் வேண்டும். தோட்ட முதலாளி அதைத் தராதபோது ‘டிஃபால்டர்’ என்ற சொல் அவர் பக்கம் திரும்பியதே இல்லை.

நோயாளியைத் தேடிப் போக முடியாது என்பதும் பொய். சென்னையில் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 காசநோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 1959ல் வெளிவந்தது. சானடோரியத்தில் படுக்கவைத்துச் செய்யும் வைத்தியத்துக்கு வீட்டிலிருந்தே பெறும் வைத்தியம் குறைந்ததல்ல என்று அது நிரூபித்தது. ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். உலகமே அதைப் பார்த்து மாறியது. தமிழக அரசும் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பகலில் போய்க் கதவைத் தட்டினால் வீடு பூட்டிக் கிடக்கும். அவள் மலையில் இருப்பாள். அப்போதும் யாராவது ஒரு நோட்டை விரித்து ‘ஆள் இல்லை’ என்று எழுதலாம். பக்கத்து வீட்டுக் கிழவியிடம், ‘எத்தன மணிக்கு ஜீப்பு எறங்கும்?’ என்று கேட்டு அந்த நேரத்தையும் எழுதலாம்.