எலும்பின் வாக்குமூலம்

நம் முன்னோர் என்ன உண்டனர்? புராணம் புகலும் பதில் ஒன்று. புதைந்த எலும்பு புகலும் பதில் வேறு!

உண்ட உணவே உடலாகிறது. கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவற்றில் கார்பன் 13 என்னும் கனத்த அணு, நெல்லில் உள்ளதைவிடச் சற்று மிகுதி. அந்த விகிதம் உண்டவர் எலும்பில் பதிகிறது. புலால் உணவை நைட்ரசன் 15 காட்டிக்கொடுக்கிறது. மாயா மக்களை மக்காச்சோளம் வாழ்வித்ததை அவர்தம் எலும்பு உரைத்தது இவ்வழியில்தான்.

பானையும் பேசும். ராக்கிகடி, ஆலம்கீர்பூர் முதலிய சிந்துவெளிக்கால ஊர்களின் பானை ஓடுகளில் ஊறியிருந்த கொழுப்பை, கேம்பிரிட்சில் பயின்ற அக்‌ஷ்யேதா சூர்யநாராயணும் குழுவினரும் ஆராய்ந்தனர். 2020 திசம்பரில் முடிவு வெளிவந்தது: பெரும்பகுதி விலங்குக் கொழுப்பு! கீழடியிலோ, 2019-இல் வெளியான அறிக்கையின்படி, வெட்டுத்தழும்புடன் ஆட்டெலும்பும் காட்டுப்பன்றி எலும்பும் கிடைத்தன. "ஆதியில் அனைவரும் மரக்கறியே" என்போர் எங்கே போய் முகம் புதைப்பர்?

ஆனால் தோழர்களே, "அவர் தின்றார், ஆகவே நமக்கும் தகும்" என்று நாம் ஆர்ப்பரிப்பதும் முன்னோர் பூசைதானே! கனகம்மாசத்திரத்தில் நான் பாடம் சொல்லும் வகுப்பில், கேழ்வரகுக் களி கொணரும் சிறுவன் மூடியைப் பாதி திறந்தே உண்கிறான். கருவாடு கொணரும் சிறுமி தனியே அமர்கிறாள். அவள் மானத்துக்கு ராக்கிகடியின் சான்றிதழ் வேண்டுமா? அந்த ஓடுகளில் ஒரு துளிக் கொழுப்பும் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் அவளைத் தள்ளி உட்காரச் சொல்லும் உரிமை எவருக்கு வந்துவிடும்?