அயலார் ஆலயத்தில்

மன்னார்புரத்தில் வாழும் நமக்குத் திருவரங்கக் கோபுரமும் நத்தர்வலி தர்காவும் தொலைவில் இல்லை. அயலார் தம் வழிபாட்டிற்கு நம்மை அழைக்கும்போது ஓர் ஐயம் எழுகிறது: மரியாதை எங்கே முடிகிறது, வழிபாடு எங்கே தொடங்குகிறது?

விவிலியத்தில் சிரியப் படைத்தலைவன் நாமானுக்கும் இதே கலக்கம் இருந்தது. இஸ்ரயேலின் இறைவனையே வழிபட உறுதி பூண்டவன் அவன். ஆயினும் தன் கையில் சாய்ந்தபடி மன்னன் ரிம்மோன் கோவிலில் வணங்கும்போது, தானும் குனிய நேருமே என்று வருந்தினான். எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை, அமைதியோடு அனுப்பிவைத்தார். கடமையின் பொருட்டுக் குனிவது வேறு. நம்பாததை நம்புவதாகக் காட்டிக்கொள்வது வேறு.

பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று அறிவித்தது. ஆகவே காலணியைக் கழற்றுவதும், தர்காவில் தலையை மூடுவதும், பிறர் எழும்போது எழுவதும் தகும். உள்ளம் இசையாத மன்றாட்டை வாயளவில் சொல்வதோ மரியாதையன்று, நடிப்பு. அது இறைவனுக்கும் நேர்மையன்று; அழைத்தவருக்கும் நேர்மையன்று.

திருவரங்கக் கருவறைக்குள் பிற சமயத்தார் செல்ல இயலாது. அதற்காக நாம் மனம் நோக வேண்டியதில்லை. நற்கருணை வாங்குவதில் நாமும் எல்லை வகுத்திருக்கிறோம். நம் இல்லத் திருமணத் திருப்பலிக்கு வரும் இந்து அன்பர், அவ்வேளையில் தம் இடத்திலேயே அமைதியாக அமர்ந்திருக்கிறார். அவரை நாம் குறைவாக எண்ணுவதில்லை. அவர் காட்டும் அந்த நேர்மையான அமைதியை நாமும் அயலார் ஆலயத்தில் கடைப்பிடிப்போம்.