பொறுமை யாருக்கு?



சென்ற ஜூலை மாதம், மாதா கோவில் கொடியேற்றத்துக்கு நான்கைந்து நாட்களுக்கு முன், ஒரு தாயார் தம் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு அறைவீட்டுக்கு வந்தார். "சாமி, இவ கண்ணாடிய விட்டு எழும்ப மாட்டேங்கா. முகத்துல நாலு பரு வந்துட்டாம், திருவிழாவுக்கே வரமாட்டாளாம். பெருமை பாவம்னு நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

பிள்ளை தலைகுனிந்து நின்றாள். பரு நாலல்ல, நாற்பது இருக்கும். கன்னம் இரண்டும் வெயிலில் வெந்தது போலச் சிவந்திருந்தன. மெல்ல விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. சிநேகிதி ஒருத்தி சொன்ன களிம்பை மருந்துக் கடையில் வாங்கி இரண்டு மாதமாகப் பூசியிருக்கிறாள். நாலே நாளில் முகம் பளிச்சென்று ஆயிற்றாம். பூசுவதை நிறுத்தியதும் முன்னைவிட இரட்டிப்பாய்க் கிளம்பிற்றாம்.

பெருமையைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. குருமடத்தில் நாங்கள் படித்த ஒழுக்கநூல் வீண்பெருமையைப் பற்றி நிறையவே சொல்லுகிறது. பிறர் தன்னைக் கண்டு வியக்க வேண்டும் என்று ஏங்குவதே வீண்பெருமை. இந்தப் பிள்ளையோ யாரும் தன்னைப் பாராமலிருந்தால் போதும் என்று ஏங்கினாள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது அநியாயம்.

முதலில் ஒரு பழைய தப்பெண்ணத்தைத் தள்ளிவிட வேண்டும். முகப்பரு கெட்ட நினைவினால் வருகிறது, கெட்ட பழக்கத்தின் அடையாளம் என்று சொல்லுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது முழுப் பொய். இந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு எத்தனை பையன்கள் வெட்கத்தில் குன்றிப்போனார்களோ! பருவ வயதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவர் உடலிலும் சில சுரப்புகள் பெருகுகின்றன. அதனால் தோலடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகக் கசிகின்றன. உதிர வேண்டிய தோல் அணுக்கள் துவாரத்தை அடைக்கின்றன. உள்ளே சிறு கிருமிகள் பெருகி வீக்கம் உண்டாகிறது. அழுக்கினால் வருவதும் அல்ல. ஆகவே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவதால் எரிச்சலே மிஞ்சும். (தலையில் வழியவழிய எண்ணெய் வைப்பதால் நெற்றியில் பரு கூடுவதுண்டு. இதைச் சொன்னால் தாய்மார்கள் என்னைக் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.)

இன்று நாம் கண்ணாடியில் காணும் பரு, பல வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் தொடங்கிவிட்ட ஒன்று. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற மருந்துகளின் முக்கியமான வேலை, இனி வரவிருப்பதைத் தடுப்பதே. ஏற்கெனவே புறப்பட்டுவிட்டதை அவை ஒரே இரவில் துடைத்து எடுப்பதில்லை. ஆகையால் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் என்கிறார்கள் தோல் வைத்தியர்கள். அடாபலீன் பூசத் தொடங்கிய முதல் சில வாரங்களில் தோல் உலர்ந்து உரியும். சிலருக்குப் பரு சற்று மிகுந்ததாகவும் தோன்றும். ஜூலை 26 அன்று கொடியேறும்போது மருந்தைத் தொடங்கினவள், ஆகஸ்ட் 5 திருவிழாவன்று முன்னிலும் மோசமாகத் தெரியக்கூடும். முகம் தெளிய அக்டோபர் நடுவாகிவிடும்.

இந்த இடைக்காலத்தில்தான் அந்த நாலுநாள் களிம்பு வந்து ஆசை காட்டுகிறது. அதில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு. அது வீக்கத்தை அமுக்குவதால் முகம் பளிச்சென்றிருக்கும். நாளடைவில் தோல் மெலியும், சிவந்த நரம்புகள் தெரியும், நிறுத்தினால் பரு பொங்கி வரும். ஆகவே மறுபடியும் பூசத் தோன்றும். நம் நாட்டில் இந்தக் கேடு பெருகியதால், 2018ஆம் ஆண்டு மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்று ஆக்கிற்று. சட்டம் இருக்கிறது; கடையில் கை நீட்டினால் கிடைக்கவும் கிடைக்கிறது.

அப்படியானால் ஒன்றும் செய்யாமல் பொறுத்திருக்க வேண்டுமா? அதுவும் அல்ல. "வயசுல வர்றது, வயசுல போயிரும்" என்று சொல்லிப் பிள்ளையை அப்படியே விட்டுவிடுவதைப் பொறுமை என்று பலர் எண்ணுகிறார்கள். அது அசட்டை. ஆழமாய்க் கட்டிபோல் வரும் பருக்கள் ஆயுசுக்கும் தழும்பு வைத்துவிடும்.

முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்குவது கடினமல்ல. நமது கடலில் பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அந்தக் காலங்களில் பார்களில் சிப்பி கிடக்கிறது என்று தெரிந்தவுடன் யாரும் குதித்து வாரிவிடுவதில்லை. மூன்று வயது தாண்டாத சிப்பியில் முத்து சிறுத்திருக்கும். அளவுக்கு மேல் விட்டாலோ சிப்பியே மடிந்துபோகும். ஆகையால் பார்களைப் பார்வையிட்டு, மாதிரிச் சிப்பி எடுத்துச் சோதித்து, பிறகே குளிக்க உத்தரவு கொடுத்தார்கள். காத்திருந்தார்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கவில்லை.

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் பொறுமையைத் திடம் என்னும் தலைமைப் புண்ணியத்தின் கீழ் வைத்தார். துக்கம் புத்தியை மேற்கொள்ளாதபடி காப்பது அதன் வேலை என்கிறார். இரவுதோறும் கொஞ்சம் மருந்தைப் பூசி, காலையில் ஒன்றும் மாறாததைக் கண்டு, அன்றிரவும் பூசுகிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தத் திடம் வேண்டியிருக்கிறது. வைத்தியர் இல்லாமல் இதைச் செய்யவும் கூடாது. நமது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் உட்கொண்டால் வயிற்றிலுள்ள சிசுவுக்குப் பெரும் ஊனம் உண்டாகும். மணமான பெண்களும், மணத்துக்கு நாள் குறித்தவர்களும் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

இத்தனையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஆனால் பொறுமையை இழக்கிறவர்கள் அவர்கள் மட்டுந்தானா? பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று பாருங்கள். "என்னட்டி, மூஞ்சி இப்படி ஆயிட்டு?" என்று ஒரு மாமி. "சந்தனம் பூசுனியா?" என்று ஒரு சித்தி. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது இது தெரியாதா என்று இன்னொருவர். மூன்று மாதம் பொறுக்கத் தயாராய் இருந்த பிள்ளை மறுநாளே மருந்துக் கடைக்கு ஓடுகிறாள். அந்தக் களிம்பை வாங்கியது அவள் கை. வாங்க வைத்த நாக்குக்கு அதில் பங்கில்லையா?

ஆதித் திருச்சபையின் எழுத்தாளர் தெர்த்துல்லியன் பொறுமையைப் பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கும்போதே, அந்தப் புண்ணியம் தம்மிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பூசைக்கு உதவும் பையன் ஒருவனைப் பார்த்து, மற்றப் பையன்கள் முன்னிலையில், "என்னப்பா, முகத்தில் முத்து விளைந்திருக்கிறதே, எப்போது குளிக்கப் போகிறோம்?" என்று கேட்டேன். நோவிலிருந்து முத்துப் பிறக்கிறது என்று பிரசங்கங்களில் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பரீட்சை என்றார் அவன் தகப்பனார்.

ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து ஒரு மாலைப் பூசையில் கடைசி வரிசையில் தூணோரமாய் நின்றிருந்தான். முகம் பாதி தெளிந்திருந்தது. பூசை முடிந்ததும் அவனிடம் போய், அன்று நான் பேசியது தவறு என்று சொன்னேன். முகத்தைப் பற்றி வேறொன்றும் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு தூபக்கலசம் பிடிக்க ஆள் இல்லை, வருவாயா என்று மட்டும் கேட்டேன். "பாக்கேன் சாமி" என்றான்.